விழுங்கல் ஆய்வுக்குத் துணை போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் போன்ற இடங்களிலிருந்து பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ வந்த பெரியவர்கள் விழுங்கல் ஆய்வில் (விழுங்குவதில் வரும் கோளாறை அளக்கும் ஆராய்ச்சியில்) சேரும்போது, மகளோ மருமகளோ பேரனோ ஒருவர் கூடவே வருவார். இந்தக் குறிப்பு அவருக்காக. எங்களில் சிலர் பேச்சு சிகிச்சை அறையில் நின்றவர்கள், சிலர் மொழிபெயர்ப்புக்காகப் போனவர்கள். பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: துணைக்கு வந்தவர் நல்லெண்ணத்தில் செய்யும் உதவியே அளவைக் கெடுத்துவிடுகிறது. ஆயாவுக்குப் பதிலாகப் பதில் சொல்வது, "முழுங்குங்க ஆயா" என்று முந்திக்கொண்டு சொல்வது, கண்ணளவில் பானத்தைக் கெட்டியாக்குவது, செய்யாத பயிற்சிக்கும் டிக் போடுவது எல்லாம் இதில் சேரும்.

முதலில் ஒப்புதல் தாள். தென்னாப்பிரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டப்படி எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் யாரையும் ஆய்வில் சேர்க்க முடியாது. ஆங்கிலத்திலும் சூலுவிலும் தாள் இருக்கும். தமிழில் இருப்பது அபூர்வம். பக்கவாதத்துக்குப் பிறகு ஆங்கிலம் தடுமாறி, தமிழே கைகொடுக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. அப்படியானால் முன்கூட்டியே சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல தாத்தா, சும்மா ஒரு எக்ஸ்ரே" என்று சுருக்கிவிட்டால் அது ஒப்புதல் ஆகாது. மூன்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். எந்தக் குழுவில் விழுவோம் என்பது குலுக்கலா? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்குமா? (பாதிக்கக் கூடாது.) பதிவான படத்தின் மூலையில் பெயரும் பிறந்த தேதியும் எழுத்தாக ஓடுமே, அதை அழித்துவிட்டுத்தான் வெளியே பகிர்வார்களா? 2013-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். பங்கேற்பவருக்குக் கொடுக்கும் தொகை நேரம், சிரமம், செலவு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு வருவது. டாக்சிக் காசு அதில் அடங்கியதா, தனியா என்று அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது கேள்வித்தாள். விழுங்குவதில் உள்ள சிரமத்தை அவரவரே மதிப்பிடுவது; பெரும்பாலும் 2008-இல் வெளியான ஈட்-10 (EAT-10) தான். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை; கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 0 போடுவார்கள். மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே போய்ச் சாப்பிடுவது தடைப்படுகிறதா என்று கேட்டால், "நான்தான் வெளியே சாப்பிடறதே இல்லையே" என்பார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் எல்லாரோடும் உட்கார்ந்து குடிக்கிறீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். மூன்று வருடமாகக் கோயிலில் வாயில் எதையும் வைப்பதில்லை, பாத்திரத்தில் வாங்கி வந்து வீட்டில்தான் குடிப்பது என்று அப்போது வரும். அதற்காக மதிப்பெண்ணை நீங்களே 3 ஆக்கக் கூடாது. தாளில் அவர் சொன்ன எண்ணே இருக்கட்டும். கோயில் விஷயத்தை ஆய்வாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் வேறு இடத்தில் குறித்துக்கொள்வார்கள்.

"இருமறதே இல்லை, அப்புறம் என்ன பரிசோதனை?" என்று வீட்டில் கேட்பார்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சியில் தட்டிப் பழகியவர்கள் நாம். புரையேறுவது உண்மையில் காவல் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். மூச்சுக்குழாய்க்குள் உணவோ நீரோ இறங்கியும் இருமலே வராமல் போவதுதான் பயப்பட வேண்டியது. 1996-இல் ரோசன்பெக் குழுவினர் வகுத்த எட்டுப் படி அளவுகோலில் 1 என்றால் காற்றுப்பாதைக்குள் எதுவும் போகவில்லை, 2 முதல் 5 வரை குரல்வளைக்குள் எட்டிப்பார்த்தது, குரல்நாண்களைத் தாண்டவில்லை, 6-இலிருந்து தாண்டிவிட்டது. 8 என்றால் தாண்டியும் உடல் அதை வெளியே தள்ள முயலவே இல்லை. இந்த 8-ஐ வெளியிலிருந்து கேட்டோ பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஓடும் எக்ஸ்ரே படமோ, மூக்கு வழியாக விடும் மெல்லிய கேமராவோ தேவைப்படுகிறது.

ஓடும் எக்ஸ்ரேவுக்குப் போகும் நாளில்தான் அதிகத் தவறு நடக்கிறது. படம் பக்கவாட்டில் எடுப்பார்கள். உதட்டிலிருந்து கழுத்தெலும்பு வரை திரையில் தெரிய வேண்டும். தொங்கட்டான், சங்கிலி, தாலி எல்லாம் கறுப்பு நிழலாகக் குறுக்கே விழும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஆயா சொன்னால் வாதாட வேண்டாம். மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வரலாம், அல்லது ரவிக்கைக்குள் கீழே இறக்கி ஒட்டிவிடலாம். கதிரியக்க அறைக்காரரிடம் முன்பே சொன்னால் போதும். பல்செட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். பல்செட் இல்லாமல் பிஸ்கட்டை மென்ற படம், பல்செட்டோடு வீட்டில் சாப்பிடும் விதத்தைப் பற்றி எதையும் சொல்லாது. பார்க்கின்சன் மாத்திரை வேலை செய்யும் நேரமும் ஓயும் நேரமும் விழுங்குவதில் வேறுபடலாம். முதல் வருகை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் என்றால் கடைசி வருகையும் அப்படியே அமைய வேண்டும். சக்கர நாற்காலியின் அகலத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். கருவிக்கும் மேசைக்கும் இடையில் நுழையாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு.

தாடைக்கடியில் நாணயம் ஒன்றை ஒட்டினால் திகைக்க வேண்டாம். நாணயத்தின் விட்டம் தெரியும், அதை வைத்துத் திரையில் தெரிவதை மில்லிமீட்டராக மாற்றுகிறார்கள். சில ஆய்வுகளில் நாணயத்துக்குப் பதில் அவரவர் கழுத்து முள்ளெலும்பில் இரண்டாவதிலிருந்து நான்காவது வரை உள்ள நீளத்தையே அளவுகோலாக வைக்கிறார்கள். உயரமானவர், குள்ளமானவர் என்ற வேறுபாடு அதில் அடங்கிவிடும். விழுங்குவது எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பானத்தில் பேரியம் கலந்திருக்கும். சுண்ணாம்பு போல நாக்கில் படியும், மலம் ஓரிரு நாள் வெளுத்துப் போகும், மலச்சிக்கலும் வரும். திரவத்தைக் கூட்டிக் கொடுங்கள். பேரியம் கொஞ்சம் நுரையீரலுக்குள் போனால் பெரும்பாலும் பெரிய கேடு இல்லை. அடர்த்தியான அயோடின் சாயம் அப்படி இல்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உள்ளவருக்கு அதைத் தவிர்ப்பது இதனால்தான்.

எக்ஸ்ரே ஓடும் நேரம் மொத்தமே பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள். விநாடிக்கு 30 படம் எடுத்தால் தெளிவு. 15 ஆகக் குறைத்தால் கதிர்வீச்சு குறையும், ஆனால் தொண்டை வழியாக உணவு கடப்பதே சுமார் ஒரு விநாடிதான், கண்சிமிட்டும் நேரத்தில் நடக்கும் கசிவு இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும். எந்த வேகத்தில் எடுக்கிறார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

இனி வாய்ச்சொல். கரண்டியில் 5 மில்லி கொடுத்துவிட்டு, ஆய்வுத் திட்டத்தில் உள்ளபடி "வாயில் வைத்துக்கொள்ளுங்கள், சொன்னதும் முழுங்குங்கள்" என்பார்கள். இன்னொரு சுற்றில் ஒன்றும் சொல்லாமல் விடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. சொல்லி விழுங்கும்போது நாக்கு பானத்தைப் பிடித்துவைத்துத் தயாராகிறது. சொல்லாமல் விட்டால் பானம் நாக்கின் அடிப்பக்கக் குழி வரை தானாக வழிந்த பிறகே விழுங்கல் தொடங்கலாம். அந்தக் கால வேறுபாட்டைத்தான் ஆய்வு அளக்கிறது. பக்கத்தில் ஈய அங்கி மாட்டி நிற்கும் பேரன் பாசத்தோடு "ம்ம், முழுங்குங்க தாத்தா" என்றால் அந்தச் சுற்று வீண், இன்னொரு முறை கதிர்வீச்சு. மொழிபெயர்ப்பவர் முன்கூட்டியே இரண்டு சொல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். "வாங்கிக்குங்க" என்றால் வாயில் வாங்குவது மட்டும். "முழுங்குங்க" என்றால் விழுங்குவது. "குடிங்க" என்ற சொல்லை அறைக்குள் பயன்படுத்தவே வேண்டாம், அது இரண்டையும் சேர்த்தே சொல்லும்.

படம் முடிந்ததும் சமையலறைக்கு வருவோம். பானத்தின் கெட்டியையும் உணவின் பதத்தையும் வகுக்கும் சர்வதேச ஐடிடிஎஸ்ஐ (IDDSI) அளவுமுறை 0 முதல் 7 வரை. பானம் 0 முதல் 4, உணவு 3 முதல் 7. ஆய்வில் "2-ஆம் நிலைப் பானம்" என்று எழுதிக் கொடுத்தால், வீட்டில் தரும் ஒவ்வொரு கோப்பையும் 2 ஆகவே இருக்க வேண்டும். அளப்பதற்கு ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும், ஆனால் எல்லா சிரிஞ்சும் ஆகாது. 0-இலிருந்து 10 வரையிலான கோட்டு நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அடிக்கோலால் பாருங்கள். உந்துகோலை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் கீழே என்றால் 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் 1-ஆம் நிலை, 4 முதல் 8 வரை 2, 8-க்கு மேல் 3. ஒரு துளியும் இறங்காவிட்டால் 4. அதற்கு முள்கரண்டியிலும் கரண்டியைச் சாய்த்தும் பார்க்கும் சோதனை தனி. குடிக்கும் சூட்டிலேயே அளக்க வேண்டும். மைசீனா (சோள மாவு) கரைத்துக் காய்ச்சியது ஆற ஆற இறுகும். மாஸ் (கடையில் விற்கும் புளித்த பால்) ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொரு விதமாக வரும், நன்றாகக் குலுக்கி அளந்த பிறகே கொடுக்க வேண்டும்.

கெட்டியாக்கும் பொடியில் இரண்டு இனம். மாவுச்சத்துப் பொடி விலை குறைவு, ஆனால் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி அதைக் கரைக்கும். கூழை எச்சில் பட்ட கரண்டியால் அள்ளி அள்ளிக் குடிக்கையில் பாதியில் தண்ணீராய் நீர்த்துப்போவது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதே சங்கதி. 2-ஆம் நிலையில் தொடங்கிய கோப்பை முடியும்போது 0 ஆகிவிடலாம். அதனால் சிறு கோப்பையில் பிரித்து ஊற்றுங்கள், எச்சில் கரண்டியைப் பெரிய பாத்திரத்துக்குள் விடாதீர்கள். சாந்தன் பசைப் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை; பாலில் மட்டும் இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும், அவசரப்பட்டு இன்னொரு கரண்டி போட்டால் பிறகு களியாகிவிடும். மலச்சிக்கலுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் சாப்பிடுகிறவருக்கு மாவுச்சத்துப் பொடியோடு அதைக் கலக்கவே கூடாது, கெட்டிப்பு உடைந்து தண்ணீராகிவிடும்.

உணவில் நம்மைக் கவிழ்ப்பது ரசஞ்சோறு. மென்மையானதுதானே என்று கொடுப்பார்கள். ஆனால் சோறு வாயில் நிற்க, ரசம் அதைவிட்டுப் பிரிந்து தொண்டைக்குள் முந்தி ஓடும். ஒரே கவளத்தில் இரண்டு வேகம். டாலும் சோறும் குழைய மசித்து, தட்டில் நீர் பிரியாமல் இருந்தால் சரி. 5-ஆம் நிலைக்குப் பெரியவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டர், அதாவது முள்கரண்டிப் பல்லுக்கு இடைப்பட்ட வெளி. சோறு ஒட்டும் பசையாகவும் இருக்கக் கூடாது, பருக்கை பருக்கையாக உதிரவும் கூடாது. பிரியாணி உதிரியாக வந்தால்தான் நமக்குப் பெருமை. அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்க வேண்டியதுதான். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் தொண்டைக் குழியில் ஒட்டிக்கொள்ளும், வடிகட்டுங்கள். பன்னி சௌவின் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய டர்பன் உணவு) குழம்பில் ஊறிய ரொட்டி வெளியே மெத்தென்று இருந்தாலும் வாயில் கட்டியாகத் திரண்டு நிற்கும். மின்வெட்டு நேரத்தில் மிக்சி ஓடாது. கண்ணளவில் மசிப்பதைவிட, முன்பே அரைத்துச் சலித்த ஒரு வேளை உணவைக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள்.

கெட்டியாக்கினால் நல்லது என்று நாமாகவே முடிவுகட்டக் கூடாது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மறதிநோய், பார்க்கின்சன் உள்ள 711 பேரிடம் மூன்று வழிகளை (தாடையைத் தாழ்த்தி விழுங்குவது, ஓரளவு கெட்டியான பானம், மிகக் கெட்டியான பானம்) எக்ஸ்ரே படத்தில் ஒப்பிட்டார்கள்; மிகக் கெட்டியான பானம்தான் மூச்சுக்குழாய்க்குள் போவதை அந்த நேரத்துக்கு அதிகம் தடுத்தது. அதே தொடரில் 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தபோது, நிமோனியாவில் தெளிவான வேறுபாடு வரவில்லை. நீர்ச்சத்துக் குறைவு கெட்டிப் பானக் குழுவில் 6 விழுக்காடு, தாடையைத் தாழ்த்தி விழுங்கியவர்களில் 2 விழுக்காடு. கெட்டியான பானத்தை யாரும் விரும்பி நிறையக் குடிப்பதில்லை. ஆகவே ஆய்வுக்காக வீட்டில் எழுதும் நாட்குறிப்பில் கெட்டியின் நிலையோடு குடித்த மில்லியையும் எழுதுங்கள். பல் துலக்கியதையும் எழுதுங்கள்: 1998-இல் லாங்மோர் குழு கண்டபடி, நிமோனியாவை முன்னறிவித்தவற்றில் பிறர் ஊட்டும் நிலை, பிறர் வாய் சுத்தம் செய்ய வேண்டிய நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை முக்கியமானவை.

பயிற்சிக் குழுவில் விழுந்தால் தலைதூக்கும் பயிற்சி வரலாம்: மல்லாந்து படுத்து, தோள் எழாமல், கால்விரலைப் பார்க்கும்படி தலையை மட்டும் தூக்கி ஒரு நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை, பிறகு வேகமாக 30 தூக்கல். நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள், தாடைக்கடியில் பந்தை வைத்து அழுத்தும் மாற்று உண்டு. ஊதும் கருவி கொடுத்தால் ஐந்து ஐந்தாக 25 மூச்சு, வாரம் ஐந்து நாள். பயிற்சியைக் குறிக்கும் தாளில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவால் ஒரே சாய்வில் டிக் இருந்தால் கடைசி நாள் உட்கார்ந்து நிரப்பியது என்று ஆய்வாளருக்குப் பார்த்ததுமே தெரியும். விடுபட்ட நாளைக் காலியாக விடுங்கள். எத்தனை பேரால் முழுதாகச் செய்ய முடிகிறது என்பதும் அவர்களுக்குத் தேவையான விடைதான்.

மாத்திரையை இடித்துப் பொடியாக்கிக் கூழில் கலக்கும் வழக்கம் இருந்தால், மெதுவாகக் கரையும் வகை எது என்று மருந்தாளரிடம் பெட்டியோடு காட்டிக் கேட்ட பிறகே செய்யுங்கள். அந்த வகையை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். கடைசி வருகையில் படப்பதிவின் நகலை வழக்கமான சிகிச்சையாளருக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆய்வுக்காக எடுத்த படம் மருத்துவமனைக் கோப்பில் தானாகப் போய்ச் சேராது.