இருபத்து நான்கு அடி அகலத்தில் மூன்று பெண்கள்

அமெரிக்க ஓவியர் மிக்கலீன் தாமஸின் 2010ஆம் வருட ஓவியம் ஒன்றைத்தான் இப்போதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1863இல் பிரெஞ்சு ஓவியர் மானே வரைந்த 'புல்வெளியில் மதிய உணவு' படத்தில் கோட் போட்ட இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் நிர்வாணமாக உட்கார்ந்திருப்பாள். தாமஸ் அந்த இடத்தில் மூன்று கறுப்பினப் பெண்களை உட்கார வைத்தார். மூவரும் எழுபதுகளின் பாணியில், பளீரென்ற பூப்போட்ட உடைகளில், நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை என்னால் சுலபமாகக் கடக்க முடியவில்லை.

முதலில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டத்தில் புகைப்படம் எடுத்தார். அப்புறம் அதை வெட்டி ஒட்டிக் கொலாஜ் ஆக்கி, அதிலிருந்துதான் பெயிண்டிங். வெட்டின விளிம்புகளை மறைக்கவே இல்லை. துணி டிசைன்கள் ஒன்றோடொன்று மோதுகிற இடம் அப்படியே தெரிகிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. அக்ரிலிக், எனாமலோடு ரைன்ஸ்டோன்களும் பதித்திருக்கிறார், நம்மூரில் ஜாக்கெட்டுக்கு ஸ்டோன் வொர்க் செய்கிறார்களே, அந்த மாதிரிக் கற்கள். உயரம் 10 அடி, அகலம் 24 அடி!

அந்த அருங்காட்சியகமே கேட்டு வாங்கி, 53ஆவது தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தது. டிக்கெட் வாங்காமல் நடந்து போகிறவர்களும் அப்போது பார்க்க முடிந்தது. தாமஸின் அம்மா சாண்ட்ரா புஷ் எழுபதுகளில் மாடலாக இருந்தவர், மகளின் பல படங்களுக்கு அவரே போஸ் கொடுத்திருக்கிறார். அந்தப் படங்களையும் தேடிப் பாருங்கள்.