போன் வழியாக வரும் நெட்: கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த விதம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு மேசைக்கு மேசை ஐபி போன் (நெட் கேபிளிலேயே பேச்சு போகும் போன்) வைத்தார்கள். கூடவே ரேக்கில் புதிய பிஓஇ சுவிட்சும் வந்தது. எல்லா மேசைக் கேபிளும் வந்து சேர்கிற, அதே கேபிளில் மின்சாரமும் அனுப்புகிற பெட்டி அது. எங்களிடம் மேசைக்கு ஒரு நெட் பாயின்ட்தான் உண்டு. அதனால் சுவரிலிருந்து போனுக்கு ஒரு கேபிள், போனின் பின்னால் இருக்கும் பிசி போர்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொன்று. புதிதாக வயர் இழுக்க வேண்டாம், போனுக்கு அடாப்டரும் வேண்டாம், மின்சாரம் அதே கேபிளில் வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. "போனு நல்லாத்தானுங்க இருக்குது, சிஸ்டத்துலதான் ஒண்ணும் வரல" என்றார்கள் கணக்குப் பிரிவில். அடுத்த வரிசையில், "நெட் வருதுங்க, டாலி மட்டும் ஓப்பன் ஆகல." டாலி எங்கள் கணக்கு மென்பொருள். டிசைன் பிரிவில் எல்லாம் வருகிறது, ஆனால் ஃபைல் காப்பி ஆக இழுக்கிறது. போன் மாட்டியவர்களைக் கேட்டால் கம்ப்யூட்டர் கோளாறு என்றார்கள். இணைய இணைப்பு தருபவர்களோ லைன் சரியாக இருக்கிறது என்றார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடினேன்: போனுக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதற்கு மூன்று வழி. ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று உள்ளே போனுக்கே. ஒரே கேபிளில் போகும் டேட்டாவைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்து வைப்பதுதான் விலேன், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. போனின் பேச்சு ஒரு விலேன் எண் ஒட்டப்பட்டுப் போகும். எங்களுக்கு அது 20. கம்ப்யூட்டரின் டேட்டா எண் எதுவும் ஒட்டாமல் போகும், ரேக்கில் இருக்கும் சுவிட்ச் அதை 10 இல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் ஒன்று வேலை செய்யும், மற்றது செய்யாது. "போன் வேலை செய்கிறதே, அப்போ லைன் சரிதானே" என்ற வாதம் இங்கே செல்லாது.

முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தால் 192.168.10 வரிசையில் முகவரி வர வேண்டும். கணக்குப் பிரிவில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தது. முகவரி கேட்டு எங்கிருந்தும் பதில் வராதபோது விண்டோஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் எண் அது. டாலி திறக்காத வரிசையில் 192.168.20, அதாவது போன்களுக்கான முகவரி. இணையத்துக்கு அந்த வரிசையிலிருந்தும் வழி உண்டு, டாலி சர்வருக்கும் பிரின்டருக்கும் ஃபயர்வால் வழி விடாது. நெட் வந்தும் டாலி வராததன் காரணம் இவ்வளவுதான்.

அடுத்தது போனைத் தாண்டிப் பார்ப்பது. போனிலிருந்து சுவர்க் கேபிளைக் கழற்றி நேராக என் லேப்டாப்பில் செருகினேன். பிஓஇ மின்சாரம் லேப்டாப்பைக் கெடுத்துவிடுமோ என்று பக்கத்தில் நின்ற ஒருவர் பதறினார். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் உள்ள சுவிட்ச், எதிரே மின்சாரம் வாங்கும் கருவி இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கொடுக்கும், பயப்பட வேண்டாம். சோதிக்காமல் நேரடியாக மின்சாரம் அனுப்பும் மலிவான இன்ஜெக்டர்களிடம்தான் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் தனிப் பெட்டிகள்) கவனமாக இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் லேப்டாப்புக்கும் அதே 169.254 தான் வந்தது. அப்படியென்றால் போன் மேல் குற்றமில்லை. சுவிட்சில் அந்த போர்ட்டுகளைத் திறந்து பார்த்தால், 20 சரியாகச் சேர்க்கப்பட்டிருந்தது, எண் ஒட்டாத டேட்டா மட்டும், சுவிட்ச் கம்பெனியிலிருந்து வந்தபடியே விலேன் 1 இல் விடப்பட்டிருந்தது. அங்கே கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி எதுவும் கிடையாது. 10 க்கு மாற்றியதும் எல்லா சிஸ்டமும் எழுந்துவிட்டது.

டாலி வரிசையில் நிலைமை வேறு. சுவரில் நேராகச் செருகினால் 10 வரிசை, போன் வழியாக வந்தால் 20 வரிசை. போனின் செட்டிங் பக்கத்தில் சுவர்ப் பக்க போர்ட்டுக்கு ஒரு விலேன் எண்ணும் பிசி போர்ட்டுக்குத் தனியாக ஒன்றும் கேட்பார்கள். இரண்டிலும் 20 போடப்பட்டிருந்தது. பிசி போர்ட்டில் அதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கேபிளைக் கழற்றி மாட்டினேன். டாலி திறந்தது.

டிசைன் பிரிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. விண்டோஸில் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது, அதுவே முன்பு 1000. சில மேசைகளில் காரணம் போனேதான். அந்த மாடலின் போர்ட்டுகள் 100 க்கு மேல் போகாது. பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் நொடிக்குச் சுமார் 11 எம்பி, அவ்வளவுதான். மெயிலுக்கும் டாலிக்கும் இது தாராளம், பெரிய ஆர்ட்வொர்க் ஃபைல்களுக்குப் போதாது. வேறு சில மேசைகளில் போன் கிகாபிட்தான், ஆனால் கேபிள் சரியில்லை. 100 க்கு இரண்டு ஜோடி வயர் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கேபிள் முனையில் பிளக் அழுத்தும் கிரிம்பிங்கில் ஒரு ஜோடி விட்டுப்போனாலும் பல நேரம் சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும். நெட் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. போன் வாங்கும்போதே பிசி போர்ட்டின் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடக்கமான விலை என்று எடுத்த போனுக்காக டிசைன் பிரிவில் மறுபடி ஆள் வைத்துத் தனி கேபிள் இழுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் மதியம் மொத்த அலுவலகமும் நின்றுபோனது. போனும் இல்லை, நெட்டும் இல்லை. ரேக்கில் சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே சீராக, வெறி பிடித்தது போல மின்னியது. லூப், அதாவது டேட்டா வெளியே போக வழியில்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது என்பது அதைப் பார்த்ததும் தெரிந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தேன், ஒன்றை எடுத்ததும் விளக்குகள் நிதானமாயின. அந்த மேசையை அன்று இடம் மாற்றியிருந்தார்கள். அங்கே சுவரில் இரண்டு பாயின்ட் இருக்க, போனின் இரண்டு போர்ட்டையும் சுவரிலேயே மாட்டிவிட்டார்கள். மாட்டியவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு ஓட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான். சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ, அதாவது லூப்பைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி ஓடியிருந்தால் இது நடந்திருக்காது, நிறுவியவர்கள் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். அன்றே அதை ஓட விட்டு, பிசி போர்ட் ஒவ்வொன்றின் மேலும் 'கம்ப்யூட்டர் மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அப்புறம் ஒன்று, யுபிஎஸ். போன் அணைந்தால் அதன் பின்னால் உள்ள கம்ப்யூட்டருக்கும் நெட் போய்விடும், போனுக்கு மின்சாரமோ ரேக்கிலிருந்து வருகிறது. மேசையில் தனி யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. மின்தடையின்போது ரேக் தாங்கும் நேரத்தை அளந்து பார்த்து, அங்கே பெரிய பேட்டரி போடச் சொல்லி வாங்கிவிட்டோம். போன்களின் ஃபர்ம்வேர் (போனுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டை இரவுக்கு மாற்றியாயிற்று. பகலில் ஓடினால் போன் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டாலி பாதியில் அறுந்துகொண்டிருந்தது.