கட்டிங் என்றால் எத்தனை கிராம்?

எம்.எஸ்.டபிள்யூ. (சோஷியல் ஒர்க் முதுகலை) முடித்துவிட்டு போதை மறுவாழ்வு மையத்தில் சேருகிறவர்கள் முதல் வாரமே கவுன்சலிங் கொடுக்கத் துடிப்பார்கள். முதலில் கேஸ் ஹிஸ்டரி எடுக்கப் பழகுங்கள், அதிலும் குடித்த அளவைக் கேட்டு எழுத.

"எவ்வளவு குடிப்பீங்க?" என்றால் "ஏதோ கொஞ்சம் சார்" என்றுதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் மொண்ணை. என்ன சரக்கு, எந்த பாட்டில், தனியாகவா பங்கு போட்டா என்று கேளுங்கள். கட்டிங் என்பது 180 மில்லி குவார்ட்டரை இருவர் பங்கு போட்டால் வரும் பாதி, 90 மில்லி. பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 90-ஐ 0.428-ஆல் பெருக்கி, வந்ததை 0.79-ஆல் (ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை, கிராமில்) பெருக்கினால் சுமார் 30 கிராம் ஆல்கஹால். முழு குவார்ட்டருக்கு 60. "பீர் மட்டும்தான் சார்" என்பவரிடம் லேபிளைப் பற்றிக் கேளுங்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி, இரண்டு பாட்டில் என்றால் 82 கிராம். குவார்ட்டர் அடிப்பவரைத் தாண்டிவிட்டார்! கட்டிங்கிலும் ஒரு கண்ணி உண்டு: காலையில் ஒரு கூட்டாளி, மாலையில் வேறொருவர். எத்தனை முறை என்று கேட்காமல் விட்டால் பாதிக் கணக்கு போய்விடும்.

பிறகு காலண்டரை எடுத்து முன்னால் வையுங்கள். கடந்த 90 நாளில் என்றைக்கு எவ்வளவு என்று நிரப்பத்தான். சம்பள நாள், ஊர்த் திருவிழா, கல்யாணம், துக்கம், மதுக்கடை மூடும் அக்டோபர் 2 எல்லாவற்றையும் முதலில் குறித்துவிட்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நாட்களை நிரப்ப வேண்டும். "அன்னிக்குக் கடை இல்லையே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், முந்தின நாளே வாங்கிப் பதுக்கியது வெளியே வரும். அடிமைத்தனத்தின் ஆழம் அங்கே தெரியும்.

கடைசியாகக் குடித்த நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். 6 முதல் 8 மணி நேரத்தில் கை உதறல் தொடங்கலாம், வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள். இல்லாத ஆள் தெரிவது அதற்குள்ளேயே வரலாம், குழம்பி உளறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. "ரெண்டு நாளா தொடவே விடல சார்" என்று வீட்டார் பெருமையாகக் கூட்டி வருகிறவர்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறவர். முன்பு வலிப்பு வந்திருந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி, டாக்டரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

மனைவியைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டிய ஒன்று: சாம்பாரில் ஏதாவது மாத்திரை கலந்தீர்களா? அது டைசல்ஃபிராமாக (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) இருந்து, அது தெரியாமல் கணவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டாமல் கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்த கேஸ் ஹிஸ்டரி தாள்தான் ஆராய்ச்சிக்கும் போகிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய போதை மறுவாழ்வு அமைப்பான டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் பெயரிலேயே 'கிளினிகல் ரிசர்ச்' உண்டு. அவரும் சோஷியல் ஒர்க் படித்தவர்தான். 3, 6 மாத ஃபாலோ-அப்பில் போனை எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்து கழிப்பதுதான் வழக்கமான தப்பு. பெரும்பாலும் மறுபடி குடிக்கிறவர்தான் எடுக்கமாட்டார். 100 பேரில் 40 பேர் மட்டும் பேசி, அதில் 30 பேர் நிறுத்தியிருந்தால் 75 சதவீத வெற்றி என்று எழுதாதீர்கள், உறுதியாகத் தெரிந்தது 100-க்கு 30. சேரும்போதே சம்மதத்துடன் இரண்டு உறவினர் நம்பர் வாங்கி வையுங்கள். கவுன்சலிங் கொடுத்தவரே கூப்பிட வேண்டாம். அவர் மனம் நோகக்கூடாதென்றே "விட்டுட்டேன் மேடம்" என்பார்கள்.