தென்காசி தனி மாவட்டமானதும் என் டேபிள் பட்ட பாடு

ஊர்ப்பெயர் சேர்ப்பது எனக்குப் பழைய பழக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப்பலகை பார்ப்பது, நோட்டில் குறிப்பது, வீட்டுக்கு வந்ததும் எந்த வட்டம், எந்தப் பிர்கா (வட்டத்துக்குள் சில வருவாய் கிராமங்களைச் சேர்த்த பிரிவு), எந்தக் கிராமம் என்று தேடி எழுதுவது. குறிச்சி, குளம், குடி, நல்லூர், பட்டி, ஏந்தல் என்று ஈற்றுச் சொல்வாரியாக எண்ணிப் பார்க்கும் ஆசைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இரண்டு நோட்டு நிரம்பியதும் கையால் எண்ண முடியாது என்று புரிந்தது. எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஒரு டேபிளாக ஏற்றினேன்.

ஏற்றியபோது இருந்த கணக்கு இது: மாநிலம் 1, மாவட்டம் 1, வட்டம் 16, பிர்கா 40, வருவாய் கிராமம் 310, அதற்குக் கீழே குக்கிராமங்கள் 700. மொத்தம் 1,068 வரி. மாவட்டம் ஒன்றே ஒன்று இருக்கக் காரணம், நோட்டை நான் ஆரம்பித்த காலத்தில் எல்லாமே திருநெல்வேலி. தென்காசி 2019 நவம்பர் 22 அன்றுதான் தனி மாவட்டமானது. பழைய நோட்டில் உள்ளபடியே முதலில் ஏற்றுவோம், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் 'பிறகு' நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

டேபிளில் மூன்றே நெடுவரிசைகள்: எண், பெயர், மேல். 'மேல்' என்பதில் அந்த ஊர் எதற்குக் கீழே வருகிறதோ அதன் எண். ஆலங்குளம் வட்டத்தின் 'மேல்' மாவட்டத்தின் எண், அவ்வளவுதான். இப்படி மேலிருந்து கீழே கிளை பிரிந்து போவதை மரம் என்பார்கள். இதைவிட எளிதாக ஒரு மரத்தை டேபிளில் வைக்க முடியாது. மேலே என்ன, நேர் கீழே என்ன என்று கேட்டால் உடனே பதில் வரும். 'திருநெல்வேலிக்குக் கீழே எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, குளம் என்று முடியும் ஊர் எத்தனை' என்று கேட்டால்தான் திணறும். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை நான் படித்த நாளில் சொல்லிக்கொடுத்த வழி, டேபிளை அதனோடே ஜாயின் செய்வது, அதாவது ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முறை இணைப்பது. மாவட்டத்திலிருந்து குக்கிராமம் வரை நாலு ஜாயின். குவெரி, அதாவது எழுதும் கேள்வி, ஒரு பக்கம் நீண்டது. ஒரு குக்கிராமத்துக்குள் 'காலனி' என்று இன்னொரு நிலை வந்ததும் ஐந்தாவது ஜாயின் எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் வேறு வழி தேடினேன்.

கிடைத்தது நெஸ்டட் செட். பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மரத்தைச் சுற்றி ஓர் எறும்பு நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் நுழையும்போது ஓர் எண், வெளியேறும்போது ஓர் எண். ஒரு மாவட்டம், அதில் இரண்டு வட்டம், முதல் வட்டத்தில் இரண்டு கிராமம் என்றால் மாவட்டம் 1, 10. முதல் வட்டம் 2, 7. அதன் கிராமங்கள் 3, 4 மற்றும் 5, 6. இரண்டாம் வட்டம் 8, 9. இனி 'முதல் வட்டத்துக்குக் கீழே என்னென்ன' என்றால், நுழைவு எண் 2க்கும் 7க்கும் நடுவில் உள்ளவை எல்லாம். ஜாயினே வேண்டாம். எத்தனை என்பதற்கு டேபிளைக்கூடப் புரட்ட வேண்டாம்: 7இல் 2ஐயும் 1ஐயும் கழித்து இரண்டால் வகுத்தால் 2. என் 1,068 ஊருக்கு எண்கள் 1 முதல் 2,136 வரை ஓடின. குளம் எண்ணும் குவெரி மூன்று வரியில் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி டீ கூடக் கூடுதலாக ஒரு டம்ளர் குடித்தேன்.

மறுவாரம் முதல் வட்டத்தில் விட்டுப்போன ஒரு கிராமத்தைச் சேர்த்தேன். மேலே சொன்ன சின்ன உதாரணத்திலேயே பாருங்கள். புதுக் கிராமம் 7, 8 என்று உட்கார்ந்தால் முதல் வட்டத்தின் வெளியேறும் எண் 9 ஆக வேண்டும், இரண்டாம் வட்டம் 10, 11க்கு நகர வேண்டும், மாவட்டம் 12இல் முடிய வேண்டும். ஒரு கிராமம் வந்ததற்கு மூன்று வரி இடம் மாறுகிறது. கல்யாணப் பந்தியில் நடுவில் ஒருவர் வந்து உட்கார, வரிசை முழுக்க இலையோடு நகர்வது மாதிரி. என் டேபிளில் நூற்றுக்கணக்கில் நகர்ந்தன. சரி, கம்ப்யூட்டர்தானே செய்கிறது என்று விட்டேன்.

தென்காசியைப் பிரித்த அன்றுதான் மாட்டிக்கொண்டேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம் என்று எட்டு வட்டங்கள் அங்கே போக வேண்டும். மீதி எட்டு திருநெல்வேலியிலேயே. நான் வட்டங்களை அகர வரிசையில் வைத்திருந்ததால் போக வேண்டியதும் நிற்க வேண்டியதும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு வட்டத்துக்கும் புது இடத்தில் இடைவெளி விட்டு, கிளையைத் தூக்கி வைத்து, பழைய இடத்தின் இடைவெளியை மூட வேண்டும். எட்டு முறை. ஐந்தாவதில் மின்சாரம் போனது. பேட்டரி செத்த லேப்டாப், டிரான்ஸாக்‌ஷன் தொடங்காமல் (பாதியில் நின்றால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் காப்பு அது) ஓடிய ஸ்கிரிப்ட். திரும்ப வந்து பார்த்தால் சில ஊர்களில் வெளியேறும் எண் நுழையும் எண்ணைவிடச் சிறியது. எந்த எண்ணாவது இரண்டு முறை வருகிறதா என்று சோதித்தால் வருகிறது. ஏதோ ஒரு நல்ல நேரம், 'மேல்' நெடுவரிசையை நான் அழித்திருக்கவில்லை. அதில் எட்டே எட்டு வரிகளை மாற்றிவிட்டு, பைத்தானில் மரத்தை மேலிருந்து நடந்து 1 முதல் 2,140 வரை எல்லா எண்ணையும் புதிதாகப் போட்டேன்.

எட்டு வரி என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது, நான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று. ஆனாலும் மற்ற இரண்டு வழிகளையும் பார்க்காமல் விட மனமில்லை.

ஒன்று, பாதையையே எழுதி வைப்பது. மேலிருந்து கீழ்வரை எண்களைப் புள்ளியிட்டு ஒரு சரமாக, '1.2.5.9' என்பதுபோல. கீழே உள்ளதெல்லாம் வேண்டும் என்றால் அந்தத் தொடக்கம் உள்ள சரங்களை எஸ்க்யூஎல்லின் லைக் என்ற நிபந்தனை போட்டு எடுக்கலாம். '1.2.5.9' என்ற பிர்காவுக்குக் கீழே கேட்டேன், 92ஆம் எண் பிர்காவின் ஊர்களும் சேர்ந்து வந்தன. ஈற்றிலும் ஒரு புள்ளி வைத்து '1.2.5.9.' என்று எழுதியிருக்க வேண்டும். சின்னப் புள்ளி, ஒரு மாலைப்பொழுது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு எல்ட்ரீ என்று இதற்கென்றே ஒரு டேட்டா வகை உண்டு, அவர்கள் இந்தக் குழியில் விழ மாட்டார்கள்.

இன்னொன்று குளோஷர் டேபிள். ஒவ்வொரு ஊருக்கும் அதற்கு மேலே உள்ள எல்லா மூதாதைகளோடும் ஒரு ஜோடி, தன்னோடு தானே ஒரு ஜோடி. பிரிப்பதற்கு முந்தைய 1,068 ஊருக்கு 5,961 ஜோடி வந்தது. பெரிதாகத் தெரிந்தாலும் தென்காசிப் பிரிவினை இதில்தான் அழகாக நடந்தது. ஆழம் மாறவில்லை, மாநிலமும் மாறவில்லை. எட்டு வட்டங்களின் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் 'திருநெல்வேலி' என்றிருந்த ஒரு மூதாதையை 'தென்காசி' ஆக்கினால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு ஊரைச் சேர்க்கும்போதும் ஜோடிகளைச் சேர்க்கும் டிரிக்கர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளை) எழுதிக் காபந்து பண்ண வேண்டும். ஆயிரம் ஊருக்கு அது எனக்கு அதிகம்.

ஆக, திரும்ப 'மேல்' நெடுவரிசைக்கே வந்தேன். இந்த முறை வித் ரிகர்சிவ் கையில் இருந்தது, ஒரு குவெரி தன் விடையையே வைத்து மறுபடி மறுபடி தேடும் வசதி. எஸ்க்யூஎல் தரத்தில் இது 1999லேயே வந்துவிட்டது. ஆரக்கிள் டேட்டாபேஸில் அதற்கும் முன்பே இதே வேலைக்குக் கனெக்ட் பை உண்டு. மற்ற டேட்டாபேஸ்களில் மெதுவாகத்தான் வந்தது: போஸ்ட்கிரெஸ் 8.4இல், 2009. எஸ்க்யூலைட் 3.8.3இல், 2014. மைஎஸ்க்யூஎல் 8.0இல், 2018. பழைய ஆட்களிடம் மரம் என்று வாயெடுத்தால் உடனே நெஸ்டட் செட் என்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் காலத்தில் பலர் கையில் வேறு கருவி இல்லை.

வேலை செய்யும் விதம் எளிது. முதல் சுற்றில் தென்காசி மாவட்டம் என்ற ஒரு வரி. இரண்டாம் சுற்றில் அதை 'மேல்' ஆகக் கொண்ட எட்டு வட்டங்கள். மூன்றில் அவற்றின் பிர்காக்கள், அடுத்து கிராமம், அடுத்து குக்கிராமம். ஒரு சுற்றில் ஒன்றுமே வரவில்லையென்றால் நின்றுவிடும். 'மேல்' மீது தேடலை வேகமாக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டதும் என் ஆயிரம் வரிக்கு நேரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காலனி வந்தாலும் குவெரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

முதல் ஓட்டத்தில் வந்தவை எட்டல்ல, ஒன்பது வட்டங்கள். சங்கரன்கோவில் இரண்டு முறை. கண்ணுக்கு ஒரே பெயர். நீளத்தைக் கேட்டேன்: ஒன்று 13, மற்றது 14. ஒரு பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியதில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லாமல் இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து வந்திருக்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது, டேட்டாபேஸுக்கோ அவை இரண்டு ஊர். பைத்தானில் யூனிகோட் நார்மலைஸ் செய்து (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது அது) எல்லாப் பெயரையும் ஒருமுறை அலசினேன். இதுபோல இன்னும் பல கிடைத்தன, எல்லாமே கொ, கோ, பொ, போ சமாச்சாரம்.

அதைச் சரிசெய்த பிறகு ஏழு வட்டங்கள். செங்கோட்டையைக் காணோம்! அதற்குக் கீழே உள்ள ஏதாவது ஒரு கிராமத்திலிருந்து மேல்நோக்கி ஏறிப் பார்க்கலாம் என்று குவெரியைத் திருப்பிப் போட்டேன். நிற்கவே இல்லை. லேப்டாப் விசிறி அலறியது. நம் ஊர்க் கணக்கில் பல இடங்களில் வட்டத்துக்கும் பிர்காவுக்கும் ஊருக்கும் ஒரே பெயர்தான். அலசும்போது எண்ணை விட்டுவிட்டுப் பெயரை வைத்து 'மேல்' போட்டிருக்கிறேன். செங்கோட்டை வட்டம் செங்கோட்டைப் பிர்காவுக்குக் கீழே போய்விட்டது, பிர்கா ஏற்கெனவே வட்டத்துக்குக் கீழே. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தனித்தீவாக நின்றன. மேலிருந்து இறங்கினால் அங்கே போக வழியில்லை, கீழிருந்து ஏறினால் வெளியே வர வழியில்லை.

குவெரியில் ஒவ்வொரு சுற்றின் வரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் ஆல் என்பதை வெறும் யூனியன் ஆக்கினால் வந்த வரியே மறுபடி வராது, சுழல் தானாக நின்றுவிடும் என்று படித்திருந்தேன். மாற்றினேன். நிற்கவில்லை. எத்தனையாவது படி என்று எண்ணுவதற்கு ஒரு நெடுவரிசை வைத்திருந்தேன். படி எண் ஒவ்வொரு சுற்றிலும் கூடுவதால் செங்கோட்டை 3, செங்கோட்டை 5, செங்கோட்டை 7 எல்லாம் வேறு வேறு வரிகளாகிவிடுகின்றன. படியை எடுத்ததும் நின்றது. இப்போது ஒவ்வொரு ஊருக்கும் மாவட்டம், வட்டம், பிர்கா என்று அதன் வகையையும் எண்ணாக வைத்து, தன்னைவிட மேல்நிலையில் இல்லாததை 'மேல்' ஆகப் போட்டால் டிரிக்கர் தடுத்துவிடும்படி செய்திருக்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஊராட்சி ஒன்றியம் வந்து கெடுத்தது. தென்காசி மாவட்டத்தில் வட்டம் எட்டு, ஒன்றியம் பத்து. கடையம் என்று ஒன்றியம் உண்டு, வட்டம் கிடையாது. வீரகேரளம்புதூர் என்று வட்டம் உண்டு, ஒன்றியம் கிடையாது. ஒரே குக்கிராமம் வருவாய்த் துறைக்கு ஒரு மரத்திலும் ஊரக வளர்ச்சித் துறைக்கு வேறு மரத்திலும் தொங்குகிறது. ஒரே ஒரு 'மேல்' நெடுவரிசை எப்படிப் போதும்? ஊர் டேபிளிலிருந்து 'மேல்' நெடுவரிசையை எடுத்து, 'சேர்ப்பு' என்று தனி டேபிள் வைத்தேன்: கீழ், மேல், எந்த மரம். கூடவே இரண்டு தேதி: எப்போதிலிருந்து, எப்போது வரை.

தேதி போட்டது பெரியப்பாவால். அவர் 1951இல் செங்கோட்டையில் பிறந்தவர். நான் திரையைக் காட்டி, "செங்கோட்டை, தென்காசி மாவட்டம், தமிழ்நாடு, சரியா இருக்கா பெரியப்பா?" என்றேன்.

"நீ சொல்லுததுலாம் இப்பம்லா. நான் பொறந்தப்போ இது கொல்லம் ஜில்லாலே."

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதற்குப் பிறகுதான் நம் பக்கம் வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தூத்துக்குடி 1986 அக்டோபர் 20 வரை திருநெல்வேலிதான். ஆக 'திருநெல்வேலிக்குக் கீழே என்ன' என்ற கேள்விக்குத் தேதி சொல்லாமல் பதிலே இல்லை. ரிகர்சிவ் குவெரியின் ஜாயினில் தேதி நிபந்தனையைச் சேர்த்தேன். 1950 என்று கொடுத்தால் தூத்துக்குடி உண்டு, செங்கோட்டை இல்லை. 1980க்கு இரண்டும் உண்டு. 2020க்கு இரண்டுமே இல்லை.

பெரியப்பாவின் பிறந்த தேதியைக் கொடுத்து மேல்நோக்கி ஓட்டிக் காட்டினேன். செங்கோட்டை, கொல்லம், திருவிதாங்கூர்-கொச்சி என்று மூன்று வரி வந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆரியங்காவு இருக்காலே இதுல?"

இல்லை. என் மரத்தில் கேரளா என்ற வேரே கிடையாது. இந்த வாரம் அதைச் சேர்க்க வேண்டும். கூடவே, 1969க்கு முன்னால் தமிழ்நாட்டுக்கு மெட்ராஸ் என்றல்லவா பெயர், ஊர் டேபிளில் பெயருக்கும் இரண்டு தேதி வேண்டியிருக்கிறது.