மார்ச் மாதத்து ‘உம்’

நான் ‘யூனியன் பிரசிடெண்ட்’ ஆகிவிட்டேன் என்ற செய்தி பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு 2024ஆம் ஆண்டே வந்து சேர்ந்திருந்தது. 2025 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்குள், அடுத்த வீட்டு மதினி தன் அம்மா ஊரில் குடிதண்ணீர்க் குழாய் ஆறு மாதமாக வறண்டு கிடக்கிறது என்று என்னிடம் முறையிட்டார். இங்கே யூனியன் என்றால் ஊராட்சி ஒன்றியம்தான். நான் தலைவியாக இருப்பது இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துக்கு என்பதை விளக்கி முடித்ததும், மதினி ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: “அப்ப எந்தக் கட்சி?”

கட்சி கிடையாது. அந்நாட்டு மாணவர் ஒன்றியங்கள் பெரும்பாலும் அறநிறுவனங்கள் என்பதால் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கச் சட்டம் இடம் தராது. தலைவர் பதவி சம்பளத்தோடு கூடிய முழுநேர வேலை. சம்பளம் பெறும் பொறுப்பில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மாணவர் விசாவில் வந்தவர்கள் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம் என்றாலும், தேர்தலில் வென்று வரும் இந்தப் பொறுப்புக்கு விலக்கு உண்டு. அந்த 20 மணி நேரத்தை நான் முதல் ஆண்டில் ஒரு பேரங்காடியில், தேதி முடியப்போகும் பால் புட்டிகளை முன்வரிசைக்கு நகர்த்துவதில் கழித்தேன். 2023 செப்டம்பரில் போய் இறங்கியவளுக்கு டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நாள் முழுவதும் பத்துச் சொற்களுக்கு மேல் பேசாத நாட்கள் இருந்தன. ஒன்றியக் கட்டடத்தில் கணப்பு எப்போதும் எரியும், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்பதற்காகவே அங்கே போய் உட்காரத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், என் பொதுவாழ்வு குளிருக்கு ஒதுங்கியதில்தான் ஆரம்பமானது.

2024 மார்ச்சில் தலைவர் பதவிக்கு மனுப் போட்டவள் நான் ஒருத்திதான். ஊராக இருந்தால் போட்டியின்றித் தேர்வு என்று அன்றைக்கே மாலை விழுந்திருக்கும். அங்கே தனியாக நின்றாலும் ‘ரான்’ என்ற ஒருவரைத் தோற்கடித்தாக வேண்டும். ஆளில்லாத வேட்பாளர் அவர். ‘வேட்புமனுவை மறுபடியும் திற’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நம் நாட்டில் 2013இல் வந்த நோட்டா எத்தனை வாக்கு வாங்கினாலும் அடுத்து நிற்பவர் வென்றுவிடுவார். ரான் வென்றாலோ, தேர்தலையே புதிதாக நடத்த வேண்டும். முகமில்லாத ஒருவரிடம் தோற்றுவிடக் கூடாது என்ற பயத்தில் விடுதி விடுதியாகக் கதவைத் தட்டினேன். செலவுக்கு உச்சவரம்பு 40 பவுண்டு. அதில் பாதி பசைநாடாவுக்கே போயிற்று.

வென்று ஓராண்டு ஓடிய பிறகு வந்த 2025 மார்ச்தான் என்னை உருட்டி எடுத்த மாதம். முதல் வாரத்திலேயே நோன்பு தொடங்கியிருந்தது. மகளிர் நாள் எட்டாம் தேதி. அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களுக்கான தேர்தல் மூன்றாம் வாரம். நடுவில் பல்கலைக்கழகக் கட்டணக் குழுவின் கூட்டம். மேலப்பாளையத்துத் தோழிகள் வீட்டில் குடித்த நோன்புக் கஞ்சியின் ருசியை நம்பி, ஒன்றிய மண்டபத்தில் அறுபது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவதாக நானே ஒப்புக்கொண்டேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் எளிதில் கிடைத்தன. ஒவ்வாமைச் சீட்டுத்தான் மலையாக நின்றது. அந்நாட்டுச் சட்டப்படி பதினான்கு பொருள்களில் எது உணவில் இருந்தாலும் அறிவிக்க வேண்டும். தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை, கடுகு இருக்கிறது. கடுகு தாளிக்காமல் திருநெல்வேலியில் எதைச் சமைப்பது என்று யோசித்தபடி தொட்டுக்கொள்ளும் துவையலுக்கு ‘கடுகு உண்டு’ என்றும், அம்மா கொடுத்தனுப்பிய அல்வாவுக்கு ‘கோதுமை, பால், முந்திரி’ என்றும் சீட்டெழுதி ஒட்டினேன். சீட்டைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் அல்வாவைத் தொடவில்லை; மிச்சத்தை அலுவலகத்தில் ஒரு வாரம் தின்றோம்.

இதற்கிடையில்தான் ‘உம்’ விவகாரம். சிறுவயதில் ஆச்சி கதை சொல்லும்போது வாக்கியத்துக்கு ஒரு ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நான் தூங்கிவிட்டதாக எண்ணிக் கதையை நிறுத்திவிடுவாள். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறியிருக்கிறது. இரவு முழுவதும் திறந்திருக்கும் நூலகத்தைச் செலவு கருதிப் பத்து மணிக்கே மூடிவிடலாம் என்று ஓர் அதிகாரி கால் மணி நேரம் விளக்க, நான் மரியாதையாக உம் கொட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது: ‘மாணவர் ஒன்றியத் தலைவர் இதற்கு இசைவு தெரிவித்தார்.’ வயிற்றைக் கலக்கிவிட்டது. முழுநேரமும் வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நூலகம்தான் வீடு. அடுத்த கூட்டத்தில், முந்தைய குறிப்பை உறுதிசெய்யும் முதல் இரண்டு நிமிடத்தில் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் ‘உம்’ என்றால் ‘மேலே சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்று பொருள், ‘சரி’ என்று பொருள் இல்லை என்று சொன்னேன். சிரித்தார்கள், ஆனாலும் திருத்தினார்கள். அதன் பிறகு கூட்டங்களில் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டேன். கேட்பவள் ஊமையாக இருந்தால்தான் கேட்கிறாள் என்று நம்பும் நாடு அது என்பது ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் எனக்குப் புலப்பட்டது.

கட்டணக் குழு வேறு மாதிரி. நைஜீரிய மாணவர் ஒருவர் மூன்றாம் தவணையைக் கட்ட முடியாமல் என் அறைக்கு வந்து, குடை சொட்டச் சொட்ட நின்றார். அவர் ஊரில் 2023 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 500 நைராவுக்கும் குறைவாக இருந்தது, பிறகு 1,500ஐ ஒட்டிப் போய்விட்டது. அவருடைய அப்பா சேர்த்து வைத்த தொகை அப்படியே இருக்க, அதன் பெறுமானம் மூன்றில் ஒன்றாகியிருந்தது. கட்டணம் கட்டாதவரைப் பல்கலைக்கழகம் நீக்கினால் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவின் காலம் சுருங்கும், பொதுவாக 60 நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். முழக்கம் எழுப்பினால் குழுவின் அறையில் எடுபடாது என்று அனுபவத்தில் அறிந்திருந்தேன். அதனால் அதே நிலையில் இருந்த பதினொரு பேரிடம் உட்கார்ந்து, யாரால் எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் வாதாடியதில், நீக்குவதற்கு முன் நான்கு வார அவகாசமும் கூடுதலாக ஒரு தவணையும் கிடைத்தன. கட்டணத்தைக் குறைக்கச் சொன்ன கோரிக்கையைக் குறிப்பில்கூட ஏற்றவில்லை.

இதைக் கேட்ட எங்கள் தெரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூட்டம் நடந்தது மார்ச் 13 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1908இல் அதே தேதியில், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், நெல்லையில் மாணவர்கள் வகுப்பைவிட்டுத் தெருவில் இறங்கியதையும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டதையும் சொல்லி, “நீங்க தாளைக் காட்டித் தவணை வாங்கியிருக்கீங்க” என்றார். பாராட்டா, இடித்துரையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பதினொரு பேருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது தவணைதான் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

தேர்தல் அமைதியாக முடிந்தது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையிடும் முறை. நான் மறுபடி நிற்கவில்லை.

மார்ச் 30 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஐந்தரை மணி நேரமாக இருந்த ஊர்த் தொலைவு நான்கரையாகக் குறைந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, வீட்டுத் திண்ணையில் நுங்கைத் தோல் உரித்தபடி ஆச்சிக்கு இத்தனையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நூலகம், அல்வா, ரான் எல்லாவற்றுக்கும் அவள் ஒழுங்காக உம் கொட்டினாள். பேச்சு தேர்தலுக்குப் போய்விட்ட பிறகு உம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நானும் நிறுத்தினேன்.

“ஏட்டி, அந்தக் குடை சொட்டுன பையன் ரூவாயக் கெட்டிட்டானா?” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

இன்னும் ஒரு தவணை பாக்கி, மே மாதம் கடைசி நாள் என்றேன்.

“உம்” என்றாள்.