எந்த டிஸ்க் முந்துகிறது

ஜூன் 3, 2025, யாங்கோன்

29ஆம் தெரு அச்சகத்துக்கு மறுபடி போனேன். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ஜெனரேட்டருக்கு மாறுவதற்குள் சர்வர் அணைந்துவிடும்; யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பாயின் புகார் விசித்திரமாக இருந்தது. "தம்பி, நீ ரீஸ்டார்ட் பண்ணினா நல்லாயிருக்கு. கரண்ட் போய் வந்தாத்தான் நேத்து ஃபைலையே காட்டுது."

லினக்ஸ் இயங்குதளம் இருக்கும் எஸ்எஸ்டியில் சிக்கல் இல்லை. மற்ற இரண்டு டிஸ்க்கில் வேலைக் கோப்புகள் இருப்பது எஸ்டிபி (sdb), பேக்கப் எஸ்டிசி (sdc) என்று, லினக்ஸ் டிஸ்க்குகளுக்குச் சூட்டும் பெயரை நம்பி, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் முன்பு யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். இரவில் வேலை டிஸ்க்கைப் பேக்கப்புக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) ஓடுகிறது, அதுவும் மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டிலீட் போட்டு. இரண்டு பெயரும் இடம் மாறிய ராத்திரியில் ஓடினால் நேற்றைய பேக்கப் இன்றைய வேலையின் மேல் ஏறிவிடும், பகலெல்லாம் உட்கார்ந்து செய்த கல்யாணப் பத்திரிகை போயே போச்சு. முதலில் அதை இரவுதோறும் தானாக ஓட்டும் கிரானை நிறுத்தினேன்.

ஜூன் 4

லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிய லாகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரீஸ்டார்ட்டில் டிஸ்க் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது, உடனே பதில் சொல்கிறது. கரண்ட் போய் வந்த லாகில் மதர்போர்டில் செருகிய பழைய டிஸ்க் எழுந்திருக்கவே நேரமாகிறது. ‘இணைப்பு மெதுவாகப் பதில் தருகிறது, தயவுசெய்து பொறுமையாக இருங்கள்’ என்று கெர்னலே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது! அதற்குள் டிஸ்க் இணைப்பதற்கென்றே செருகிய தனி சாட்டா கார்டில் இருக்கும் டிஸ்க் முந்திக்கொண்டு எஸ்டிபி ஆகிவிட்டது.

பந்தியில் முதலில் உட்கார்ந்தவனுக்கு முதல் இலை; முதலில் பதில் சொன்ன டிஸ்க்குக்கு முதல் பெயர், அவ்வளவுதான். பூட் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் ஒரே நேரத்தில் டிஸ்க்குகளைத் தேடுகின்றன. கணினி எழுந்ததும் முதலில் ஓடும் பயாஸில் டிஸ்க் வரிசையை மாற்றிப் பார்க்கச் சொன்னார் ஒரு நண்பர். அந்த வரிசை கெர்னலைக் கட்டுப்படுத்தாது.

ஜூன் 5

வீட்டிலும் கரண்ட் இல்லை. கெர்னலுக்குள் சேர்த்துக் கட்டிய டிரைவர்களுக்கு ஒரு வரிசை உண்டு: எதை எப்போது தொடங்குவது என்று பிரிக்கும் இனிட்கால் நிலைகள், ஒரே நிலைக்குள் கெர்னலைக் கட்டும் மேக்ஃபைலில் லிங்க் ஆகும் வரிசை. ஆனால் ஒரு சாதனத்துக்கு வேண்டிய கிளாக்கோ (துடிப்பு) ரெகுலேட்டரோ (மின்னழுத்தம்) இன்னும் தயாராகவில்லை என்றால் அந்த வரிசை உதவாது. அதனால்தான் 2012இல் லினக்ஸ் 3.4இல் ‘இப்போது முடியாது, அப்புறம் கூப்பிடு’ என்று டிரைவர் திரும்பிப்போக வழி வைத்தார்கள். நெட்வொர்க் கார்டிலும் இதே கூத்துதான்; எத்0, எத்1 என்ற பெயர்கள் இடம் மாறும். 2013இல், லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு, கார்டு செருகிய இடத்தை வைத்துப் பெயர் சூட்டத் தொடங்கியது.

ஜூன் 6

ஸ்கிரிப்டில் முப்பது விநாடி ஸ்லீப் போட்டால் போதாதா என்று அச்சகப் பையன் கேட்டான். போதாது. பெயர் ஒட்டியபின் எவ்வளவு காத்திருந்தாலும் மாறப்போவதில்லை.

பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டிய யூயூஐடிகளை, அதாவது ஒவ்வொரு டிஸ்க்கின் கோப்பமைப்பிலும் பதிந்திருக்கும் மாறாத அடையாள எண்களை, எஃப்எஸ்டேப்பில் எழுதினேன். பேக்கப்புக்கு மட்டும் நோஃபெயில், அது இல்லாவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க. ஆர்சிங்க்குக்கு முன் இரண்டு டிஸ்க்கும் மவுண்ட் ஆகி, அதாவது தத்தம் கோப்புறையில் இணைந்து, இருக்கின்றனவா என்று பார்க்கும் வரியையும் சேர்த்தேன். மூலக் கோப்புறை காலியாக இருந்தால் டிலீட் பேக்கப்பையே துடைத்துவிடும்.

மெயின் சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டோம். எஸ்டிபியும் எஸ்டிசியும் மறுபடி மாறித்தான் வந்தன, கோப்புகள் சரியாக இருந்தன. பாய் திரையை எட்டிப் பார்த்து, "இன்னும் மாறுதே தம்பி?" என்றார்.

"மாறட்டும் பாய். யூபிஎஸ் பேட்டரியை மாத்துங்க."