கணக்கு சாரும் ஹஜ்ரத்தும்

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்காக இதை எழுதுகிறேன். நம் பள்ளியில் பிளஸ் டூ தொடங்கியபோது முதல் தொகுதியாகப் போய் உட்கார்ந்தவர்கள் நாங்கள்தான். 1980 இல் தேர்வு எழுதினோம். நான் பிறந்தது பினாங்கில். படிப்பு ஊரில்தான் என்று வாப்பா முடிவு செய்து உம்மாவோடு அனுப்பிவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படிச் சபராளி வீடுதான், கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் வீடு. படிப்பு முடிந்தால் மறுபடி கப்பல், மறுபடி கடை. கடைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதால் வணிகவியல் பிரிவு. என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கு சாரை நினைவிருக்கிறதா? பேரேட்டில் ஐந்து காசு இடித்தாலும் மணி அடித்த பிறகும் விட மாட்டார். "லாபம் எவ்வளவுன்னு அப்புறம் பார்க்கலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், அதை முதல்ல எழுது" என்பது அவர் பல்லவி. நீதிபோதனை வகுப்புக்கு மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத் வருவார். இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள். இடைவேளையில் ஒரே பெஞ்சில் டீ குடித்தபடி என்னதான் பேசுவார்களோ, கணக்கு சார் சொன்னது மறுநாள் ஹஜ்ரத் வகுப்பில் வரும். ஹஜ்ரத் சொன்னது பேரேட்டுக்கு நடுவில் வரும்.

ஒரு நாள் ஹஜ்ரத் இமாம் கஸ்ஸாலியை எடுத்தார். 1111 இல் மறைந்த அந்தப் பெரியவர், மனிதன் தன் நஃப்ஸை, அதாவது தன் மனத்தை, தொழில் பங்காளியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று 'இஹ்யா' என்ற தன் நூலில் எழுதியிருக்கிறார். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகை முடிந்ததும் பங்காளியிடம் மூலதனத்தை ஒப்படைத்து நிபந்தனை பேச வேண்டும். பகல் முழுக்க ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இரவில் கணக்குக் கேட்க வேண்டும். ஃபர்ளான, கட்டாயக் கடமைகள் மூலதனம், உபரியான வணக்கங்கள் லாபம், பாவங்கள் நஷ்டம். பங்காளி ஏமாற்றியிருந்தால் தண்டனை, கண்டிப்பு எல்லாம் உண்டு. முஹாசபா, அதாவது தன்னைத் தானே கணக்குப் பார்ப்பது, என்பது இதுதான். மறுமையின் கேள்வி கணக்குக்கு முன்னால் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக வருவதும் இதைத்தான்.

பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "முதலாளியும் நான், பங்காளியும் நான். கள்ளக்கணக்கு எழுதினா யாரு ஹஜ்ரத் பிடிப்பாங்க?" என்றான். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "தோளுக்கு ஒருத்தரா ரெண்டு ஆடிட்டர் உட்கார்ந்திருக்காங்கடா" என்றார். நன்மை தீமை எழுதும் மலக்குகளை, வானவர்களை, சொன்னார். கேள்வி கேட்டவன் இன்று துபாயில் ஆடிட்டராகவே இருக்கிறான்.

1981 இல் 'சிதம்பரம்' கப்பலில் பினாங்கு வந்து இறங்கினேன். நான்கு வருடம் கழித்துத் தீப்பிடித்ததே, அதே கப்பல். அங்கே லெபு பசார் என்ற தெருவில் என் தாய்மாமாவுக்கு அரிசி, பருப்பு மொத்தக் கடை. பேரேடு என் கைக்கு வந்தது. மாமா சுபுஹு தொழக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போவார். தொழுதுவிட்டு உடனே எழ மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருப்பார். என்ன மாமா யோசனை என்று கேட்டால், "கடை திறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்பார். யாரோடு என்று சொன்னதில்லை. எனக்கு ஹஜ்ரத் வகுப்பு ஞாபகம் வரும்.

1982 ஜனவரி 1 ஆம் தேதி மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது. சூரியன் தள்ளவில்லை. ஐந்தரை சொச்சத்துக்கு இருந்த சுபுஹு ஆறு மணிக்கு மேல் போய்விட்டது. கடை திறப்பது மட்டும் அதே ஏழு. மாமாவின் தூணோர அரை மணி நேரம் அப்படியே பறிபோயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடையை ஏழரைக்குத் திறக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

அந்தப் பள்ளிவாசலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1801 இல் காதர் மொய்தீன் என்ற நம்மவர், கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில் தொடங்கியது. நூறு வருடம் கழித்து, இப்படிப்பட்ட அறச்சொத்துகளின் நிர்வாகத்தில் குளறுபடி என்று புகார் எழுந்து, முஸ்லிம், இந்து அறச்சொத்துகளுக்காக 1905 இல் ஆங்கிலேய அரசு தனிச்சட்டமே போட்டது. அல்லாஹ்வுக்கென்று எழுதி வைத்ததற்கே வெளியிலிருந்து கணக்குக் கேட்க ஆள் வர வேண்டியிருந்தது. கணக்கு சார் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

1997, 98 இல் ரிங்கிட் விழுந்தபோதுதான் எனக்கு ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, சரியாக விளங்கியது. எங்கள் வரிசையில் நல்ல வியாபாரம், நல்ல லாபம் என்று பெயர் எடுத்த கடைகள் மூடப்பட்டன. விற்பனை இருந்தது, கொடுக்க வேண்டியது அதைவிட அதிகம் இருந்தது. திவாலானவன் யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்து நிற்பவன், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மேல் பழி போட்டிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவன் நன்மைகள் அவர்களுக்குப் பங்கு வைக்கப்படும், போதாவிட்டால் அவர்கள் பாவம் இவன் தலையில் விழும், அவனே திவாலானவன் என்பது நாயகத்தின் பதில். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இப்போது பிள்ளைகளின் போனில் ஆப் இருக்கிறது. எத்தனை பக்கம் ஓதினேன், எத்தனை திக்ரு (இறைநினைவு), எத்தனை சுன்னத்து நோன்பு (கட்டாயமில்லாத நோன்பு) என்று பச்சை டிக் விழுகிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாம் வரவுப் பக்கம். வேலைக்காரரிடம் எரிந்து விழுந்ததற்கு அதில் கட்டம் இல்லை. ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு 'மாஆஃப் ஜாஹிர் டான் பாத்தின்' (உள்ளும் புறமும் மன்னியுங்கள்) என்று முன்னூறு பேருக்கு ஒரே தட்டலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறோம். கேட்க வேண்டிய ஆள் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

மாமா சில வருடம் முன்பு மவுத்தானார். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன், கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று வழக்கம்போல் அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. அப்புறம் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு 555 நோட்டு, அந்தச் சின்னப் பாக்கெட் நோட்டு, கிடைத்தது. மலேசியாவில் கடன் எழுதாத 555 நோட்டு உண்டா? ஆனால் இதில் இருந்தது கடைக்கடன் இல்லை. அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, வேறு யாரும் படிக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார். மூட்டை தூக்குபவரிடம் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிப் போகாதது. எடைக்கல்லில் சந்தேகம் வந்த நாளில் வாங்கிப்போன வாடிக்கையாளர். தீர்த்தவற்றின் மேல் கோடு. கோடு விழாதவை கொஞ்சம்தான். நானும் என் மச்சானான மாமா மகனும் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம் என்று ஊர் ஊராகப் போய் முடிந்ததை முடித்தோம்.

ஒன்று மட்டும் நிற்கிறது. இந்தக் கட்டுரையை எழுத மலர்க்குழு கேட்டதும் நான் சரி என்றது அதற்காகத்தான். 1968 இல் மலேசியாவில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்க முடியாது என்றானபோது பல பேர் அவசரமாக ஊர் திரும்பினார்கள். மாமா கடையில் இருந்த ஒருவர் 1969 இல் அப்படிப் போனவர். இரண்டு மாதச் சம்பளம் 140 வெள்ளி பாக்கி. அனுப்புகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார், முகவரி தவறிவிட்டிருக்கிறது. நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'நம்ம ஸ்கூல் பையன்' என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் 50களில் படித்தவராக இருக்க வேண்டும்.

140 வெள்ளியை அப்படியே கொடுப்பதா, இன்றைய மதிப்புக்கா என்று எனக்கும் மச்சானுக்கும் இன்னும் சண்டை. வாரிசு கிடைக்காவிட்டால் உரியவர் பேரில் தர்மம் செய்துவிடலாம் என்று இமாம் சொன்னார். மச்சான் சம்மதிக்கவில்லை, முதலில் மலரில் போடு என்கிறான். வாப்பாவோ பெத்தாப்பாவோ (தாத்தாவோ) லெபு பசார் மொத்தக் கடையில் வேலை பார்த்து 1969 இல் ஊர் திரும்பியவர் என்று தெரிந்தவர்கள், சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். பெயரை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.